விற்பவனுக்கு விலை தெரியாத சந்தை

வியாபாரம் என்று சொன்னால் விற்பவன் வேண்டும், வாங்குபவன் வேண்டும், பொருள் வேண்டும், விலை வேண்டும். இந்த நான்கில் எந்த ஒன்று இருளில் கிடந்தாலும் அந்த வியாபாரம் ஒரு நாள் வழக்கில் போய் முடியும். மதரஸாவில் ஃபிக்ஹுக் கிதாபைத் திறந்த மாணவன் வியாபாரப் பாடத்தின் தொடக்கத்திலேயே இதைப் படித்துவிடுகிறான். வானத்தில் பறக்கும் பறவையை விற்காதே, தண்ணீருக்குள் நீந்தும் மீனை விற்காதே என்று நம் பெரியோர்கள் உதாரணம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கைக்கு வருமா வராதா, வந்தாலும் எவ்வளவு வரும் என்று தெரியாத பேரத்தில் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அதற்கு 'கரர்' என்று பெயர்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் புதிய சந்தை ஒன்றில் நுழைந்திருக்கிறார்கள். அங்கே பொருள் வெளிச்சத்தில் இருக்கிறது. விலைதான் இருட்டில் இருக்கிறது. கேமராவில் படம் எடுத்தோ, கணினியில் சித்திரம் வரைந்தோ, ஒரு கம்பெனியின் இணையதளத்தில் வைக்கிறார்கள். பத்திரிகை நடத்துவோரும், பாடநூல் அச்சிடுவோரும், விளம்பரம் செய்வோரும் அங்கே வந்து வேண்டிய படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனி அவர்களிடம் பணம் பெற்று, அதில் ஒரு பங்கைப் படம் கொடுத்தவருக்குத் தருகிறது. படம் விற்றுத் தீர்ந்துவிடுவதில்லை. ஒரே படம் நூறு பேருக்கும் போகலாம். ஒருவருக்குமே போகாமல் கிடக்கவும் கிடக்கலாம்.

இந்தச் சந்தையின் வரலாறு நீண்டதன்று. ஐஸ்டாக்ஃபோட்டோ என்ற கம்பெனி 2000-ம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கியது. 2003-ல் ஷட்டர்ஸ்டாக் நியூயார்க்கில் தோன்றியது. ஐஸ்டாக்ஃபோட்டோவை 2006-ல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபோட்டோலியா என்ற மற்றொன்றை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி நிறுவனம் 2014 டிசம்பரில் அறிவித்தது. அதுவே இன்று அடோபி ஸ்டாக் என்று நடக்கிறது. சந்தையை நடத்துபவர்கள் கோடிகளில் பேசுகிறார்கள். சந்தைக்குச் சரக்குக் கொடுப்பவரோ சென்ட் கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு டாலருக்கு நூறு சென்ட் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் இந்தத் தொழிலைப் பற்றி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "ஹஜ்ரத், நான் அரை நாள் வெயிலில் நின்று எடுத்த படம் பத்து சென்டுக்குப் போகிறது. இந்தச் சம்பாத்தியம் ஹலாலா? என் உழைப்பை இப்படி எடுத்துக்கொள்வது அநியாயமில்லையா? அநியாயம்தான் என்றால், அவர்கள் வரி என்று பிடிப்பதிலிருந்து தப்பிக்க நான் படிவத்தில் எதையாவது மாற்றி எழுதினால் என்ன தவறு?"

முதல் இரண்டு கேள்விகள் மற்றவர்கள் தமக்குச் செய்வதைப் பற்றியவை. மூன்றாவது தாம் செய்யப்போவதைப் பற்றியது. மனிதன் வழுக்கி விழும் இடம் இந்த மூன்றாவது கேள்விதான். ஆகவே இதை ஒழுங்காகப் படிப்படியாகப் பார்ப்போம்.

இது என்ன ஒப்பந்தம்?

படத்தை 'விற்கிறார்' என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், உண்மையில் படத்தைப் பயன்படுத்தும் உரிமையைத்தான் அவர் கொடுக்கிறார். வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவது போன்றது இது. கையால் தொட முடியாத உரிமைக்கு விலை உண்டா என்ற கேள்வி பழையது. முற்கால ஹனஃபி இமாம்கள் வெறும் உரிமையை விற்பதில் தயக்கம் காட்டினார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை ஆராய்ந்தது. நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வியாபாரப் பெயர் முதலியன ஷரீஅத்தின் பார்வையிலும் மதிப்புள்ள உரிமைகளே, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. எனவே தன் உழைப்பால் உண்டாக்கிய படத்தின் பயனுக்குக் கூலி பெறுவதில் அடிப்படைத் தடை இல்லை.

கம்பெனியின் இடம் தரகருடைய இடம். தரகுக் கூலியைப் பற்றி இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் ஒரு தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய முன்னோர்கள் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்ற செய்தியை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே நடுவில் ஒருவர் நின்று பங்கு எடுப்பதே அநியாயம் என்று சொல்வதற்கில்லை. சந்தையைக் கட்டியவர், வாங்குவோரைத் தேடிக் கொண்டுவந்தவர், பணத்தை வசூலித்துத் தருபவர் அவர்தாம்.

உயிருள்ளவற்றின் உருவப்படத்தைப் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை வாசகர்கள் அறிவார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) கேமராப் படம் நிழலைப் பிடித்து வைப்பதே என்று கூறி அனுமதித்தார்கள். தேவ்பந்த் பெரியோர்களில் பலர் அதை ஏற்கவில்லை. அந்த ஆராய்ச்சி தனிக் கட்டுரைக்கு உரியது. மலை, கடல், மரம், கட்டடம், உணவு, கைவினைப் பொருள் ஆகியவற்றின் படங்களில் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. பேணுதலை விரும்புபவருக்கு இந்தத் தொழிலில் அவ்வளவு அகலமான வழி திறந்தே இருக்கிறது.

விலை குறைந்தால் அநியாயமா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மதீனாவில் ஒரு முறை விலைவாசி ஏறியது. விலையைக் கட்டுப்படுத்தித் தரும்படி மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். பெருமானார் அதற்கு இணங்கவில்லை. எவருடைய உயிருக்கோ பொருளுக்கோ அநீதி செய்தவராக இல்லாமல் இறைவனைச் சந்திக்கவே தாம் விரும்புவதாக அவர்கள் கூறிய கருத்தை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் தம்மளவில் பாவமல்ல என்று இதிலிருந்து விளங்குகிறோம். ஏறும்போது விற்பவன் மகிழ்வதும் இறங்கும்போது அநியாயம் என்று அழுவதும் நியாயமாகா.

பட விலை இறங்கியதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். முன்பு நல்ல கேமரா சிலரிடம்தான் இருந்தது; பத்திரிகைக்குப் படம் வேண்டுமென்றால் அவர்களைத் தேடிப் போக வேண்டும். இன்று கைப்பேசி வைத்திருப்பவரெல்லாம் படம் எடுக்கிறார். சரக்கு பெருகினால் விலை சரியும். மாம்பழக் காலத்தில் மாம்பழம் மலிவதைப் பார்த்து யாரும் வழக்குத் தொடுப்பதில்லை.

அப்படியானால் இந்தச் சந்தையில் குறையே இல்லையா? இருக்கிறது. விலை சிறியதாக இருப்பதைக் குறை சொல்வதற்கில்லை; விலை மறைந்திருப்பதைத்தான் குறை சொல்ல வேண்டும். அது விளங்க ஒரு கணக்கைப் பார்ப்போம்.

இந்தக் கம்பெனிகளில் படத்தை ஒவ்வொன்றாக வாங்குபவர்களும் உண்டு; மாதச் சந்தா கட்டி மொத்தமாக எடுப்பவர்களும் உண்டு. ஒரு சந்தாதாரர் மாதம் 200 டாலர் கட்டி 750 படங்கள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். 200 டாலரை 750 ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 27 சென்ட் வருகிறது. படம் கொடுத்தவரின் பங்கு 15 சதவீதம் என்றால் அவருக்குச் சேருவது 4 சென்ட். அந்தச் சந்தாதாரரோ 750 படங்களையும் எடுக்கவில்லை. அந்த மாதம் 50 படங்கள்தாம் எடுத்தார். அப்போதும் 750 ஆல்தான் வகுப்பது என்றால், எடுக்காத 700 படங்களின் பணம் முழுவதும் யாரிடம் தங்கும்? கம்பெனியிடம்தான். இந்த வகுத்தல் படம் கொடுத்தவரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. பல சந்தைகளில் அவருடைய கணக்கில் வந்து நிற்பது அவர் பங்கு மட்டுமே.

'15 சதவீதம்' என்று பங்கு தெரிகிறதே, பின் என்ன குறை என்று கேட்கலாம். எதில் 15 சதவீதம் என்பதும் தெரிய வேண்டுமல்லவா? ஆற்று நீரில் பாதி உனக்கு என்று ஒருவர் சொன்னால், ஆற்றில் நீர் எவ்வளவு என்பதைப் பொறுத்தன்றோ அந்தப் பாதிக்கு மதிப்பு!

வழிமறித்து வாங்குதல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த வியாபாரங்களில் ஒன்று இந்த இடத்தில் நம் நினைவுக்கு வர வேண்டும். கிராமத்திலிருந்து சரக்கு ஏற்றிவரும் கூட்டத்தாரைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே போய்ச் சந்தித்து வாங்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. வருகிறவனுக்கு நகரத்தின் விலை தெரியாது. வழிமறிப்பவனுக்குத் தெரியும். பேரத்தில் பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை, வற்புறுத்தல் இல்லை, விற்பவன் சம்மதித்துத்தான் கொடுக்கிறான். ஆயினும் இதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை விற்றவனுக்கு உண்டு என்ற அறிவிப்பும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இந்த உரிமை விற்றவனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் உள்ள ஹனஃபி மத்ஹபில், விலையை மறைத்தாலோ ஊராருக்குத் தீங்கு நேர்ந்தாலோ இது வெறுக்கத்தக்கது என்று கூறப்பட்டிருக்கிறது.

இதன் உட்பொருளைச் சிந்திக்க வேண்டும். சம்மதம் மட்டும் இருந்தால் போதாது, சம்மதிப்பவனுக்கு அறிவும் இருக்க வேண்டும் என்பதே அது. ஒருவன் அறிந்ததும் மற்றவன் அறியாததுமான விலையில் எடுத்த சம்மதம் பாதிச் சம்மதம்தான். நீண்ட ஒப்பந்தத்தின் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு அடையாளம் இட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இரு தரப்பாரும் நினைக்கிறார்கள். சட்டத்துக்கு அது போதும், மனச்சாட்சிக்குப் போதாது.

2020-ம் ஆண்டில் நடந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஷட்டர்ஸ்டாக்கில் அதுவரை சந்தாப் படம் ஒன்றுக்கு 25 சென்டிலிருந்து 38 சென்ட் வரை கிடைத்து வந்தது. ஒருவர் தொடக்கத்திலிருந்து மொத்தமாக எவ்வளவு ஈட்டினாரோ அதைப் பொறுத்து அவருடைய படி உயரும், உயர்ந்தபின் இறங்காது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல், சில நாட்களுக்கு முன்னர் அறிவித்து, முறையை மாற்றினார்கள். ஆறு படிகள்; முதற்படியில் 15 சதவீதம், ஆறாம் படியில் 40 சதவீதம்; குறைந்தது 10 சென்ட். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று அத்தனை பேரும் மீண்டும் முதற்படிக்கு இறங்கி நிற்க வேண்டும். சென்ற ஆண்டு 2,501 படங்களுக்கு மேல் போய் 35 சதவீதப் படியில் நின்றவரும் புத்தாண்டில் 15 சதவீதத்திலிருந்து தொடங்க வேண்டும். மேலே நாம் போட்ட கணக்கில் 4 சென்ட் வந்த இடத்தில் 10 சென்ட் என்று கிடைப்பது அந்தக் குறைந்த அளவு விதியினால்தான். பல நாடுகளிலும் இருந்த பங்காளர்கள் கொதித்தெழுந்தார்கள். தம் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தி வைத்தவர்களும் உண்டு.

இதை மார்க்கத்தின் தராசில் எப்படி நிறுப்பது? கம்பெனி இங்கே விற்பவரின் பிரதிநிதி, அதாவது வகீல். பிரதிநிதித்துவ ஒப்பந்தத்தை இரு தரப்பில் எவரும் எப்போதும் விட்டு விலகலாம். அறிவித்துவிட்டு இனி வரப்போகும் விற்பனைக்கு வேறு பங்கு என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஏற்காமல் படத்தை எடுத்துக்கொண்டு போக இவருக்கும் உரிமை உண்டு. முடிந்துபோன விற்பனையின் பங்கில் கை வைத்தால்தான் அது திருட்டு. எனவே 'ஹராம்' என்ற தீர்ப்பு இங்கே இல்லை. ஆனால் அனுமதி என்பது ஒரு படி; இஹ்ஸான் என்னும் நல்லியல்பு அதற்கு மேற்படி. பல ஆண்டுகள் ஒருவர் ஆயிரம் ஆயிரமாய்ப் படங்களைச் சேர்த்து உன் கடையை நிரப்பிய பிறகு, படிக்கட்டையே மாற்றி அமைப்பதும் ஆண்டுதோறும் அவரை அடியில் இறக்கி விடுவதும் நல்ல தரகனுக்கு அழகாகாது.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2006-ல் தோன்றிய பாண்ட்ஃபைவ் என்ற சந்தை, வீடியோவுக்கு விற்பவரே விலை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. பிரிட்டனின் அலமி நிறுவனம் 2018 டிசம்பரில் பங்கை 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பங்காளர்கள் எடுத்துரைத்தார்கள். அந்நிறுவனம் தன்னிடம் மட்டும் தரப்படும் படங்களுக்கு 50 சதவீதத்தை அப்படியே வைத்தது. முறையாகக் கேட்டால் சில வேளைகளில் கிடைக்கும். கேட்பதும் நம் கடமைதான்.

எனக்குக் குறைத்தவனிடம் நானும் குறைக்கலாமா?

இனி மூன்றாவது கேள்வி. நம் ஃபிக்ஹில் இதற்கு நெருங்கிய ஒரு மஸ்அலா இருக்கிறது. ஒருவன் எனக்குத் தர வேண்டியதை மறுக்கிறான். என்னிடம் அத்தாட்சி இல்லை. அவனுடைய பொருள் என் கைக்கு எட்டுகிறது. என் உரிமையளவு எடுத்துக்கொள்ளலாமா? அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி), கணவர் போதிய செலவு தருவதில்லை என்று முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் முறையாகப் போதுமான அளவை எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஷாஃபிஈ இமாம்கள் இதை ஆதாரமாகக் கொண்டு அனுமதிக்கிறார்கள். மோசம் செய்தவனுக்கு நீ மோசம் செய்யாதே என்ற கருத்துடைய ஹதீஸை முன்வைத்துத் தடுப்பவர்களும் உண்டு.

ஆனால் அனுமதித்தவர்களும் மூன்று நிபந்தனைகளை விட்டுவிடவில்லை. அது உறுதியான கடனாக இருக்க வேண்டும். கடன்பட்டவனுடைய பொருளிலிருந்தே எடுக்க வேண்டும். உரிமையளவுக்கு மேல் எடுக்கக்கூடாது. நம் இளைஞருடைய வழக்கில் முதல் நிபந்தனையே நிற்கவில்லை. 10 சென்ட் என்று அறிந்து, படத்தை எடுத்துவிடும் உரிமை இருந்தும் விட்டுவைத்தவருக்கு, 25 சென்ட் கடன் என்று யார்மீது வழக்கு? இரண்டாவதும் நிற்கவில்லை. கோபம் கம்பெனிமீது, குறைக்க நினைப்பதோ அரசாங்கத்துக்குச் சேரும் வரியை. ஒருவன் அடித்ததற்கு வழியில் போகிறவனைத் திருப்பி அடிப்பது போன்றது இது.

அந்த வரி என்னவென்று வீட்டில் உள்ளோரும் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டுப் பங்காளரிடம் 'டபிள்யூ-8பென்' என்ற படிவத்தைக் கேட்கும். எந்த நாட்டில் வரி செலுத்தும் குடிவாசி என்று அதில் எழுதி, பொய்யானால் தண்டனைக்கு உரியவன் என்ற உறுதிமொழியுடன் கையொப்பமிட வேண்டும். அமெரிக்காவில் உள்ளவர்கள் வாங்கிய படங்களின் பங்கில் 30 சதவீதம் பிடிப்பது அந்நாட்டின் பொது விதி. வரி உடன்படிக்கை செய்துகொண்ட நாட்டாருக்கு இது குறையும். இந்தியாவில் குடியிருப்பவருக்கு 15 சதவீதம். இலங்கையில் குடியிருப்பவருக்கு 10 சதவீதம். மலேசியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளுக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லாமையால் முழு 30 சதவீதமும் பிடிபடும்.

ஒருவர் 100 டாலர் ஈட்டினார். அதில் 40 டாலர் அமெரிக்காவில் வாங்கியவர்களால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் இலங்கையில் இருந்தால் 4 டாலர் பிடிப்பார்கள். இந்தியாவில் இருந்தால் 6. கோலாலம்பூரிலோ துபாயிலோ இருந்தால் 12. நம் குடும்பங்களில் அண்ணன் ஓர் ஊரிலும் தம்பி ஓர் ஊரிலுமாகப் பல நாடுகளில் பரவி வாழ்கிறோம். கோலாலம்பூரில் குடியிருப்பவர் சென்னையிலுள்ள தம்பியின் முகவரியை எழுதிவிட்டால் 6 டாலர் மிச்சம். சுலபமான காரியம், கேட்பாரும் இருக்கமாட்டார். ஆனால் அந்த 6 டாலருக்கு அவர் கொடுத்தது ஒரு பொய்ச் சாட்சியம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் எண்ணப்பட்டது என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும்.

இந்தியாவில் நிரந்தரமாக வசிப்பவருக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. உலகில் எங்கிருந்து வந்தாலும் வருமானத்தை இங்கே கணக்கில் காட்ட வேண்டும். கைக்கு வந்த 94 டாலரை மட்டும் காட்டினால் போதாது. பிடித்தது போக வந்ததானாலும் முழு 100 டாலரையும் காட்ட வேண்டும். அங்கே பிடித்த 6 டாலருக்கு உரிய படிவமும் சான்றும் கொடுத்தால் இங்குள்ள வரியில் கழிவு பெற வழி இருக்கிறது. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் அடங்கினால் வரியே வராது. நேர்வழி பலர் பயப்படுகிற அளவு செலவுள்ளதன்று. வரி கொடுத்துவிட்டதால் ஸகாத் நீங்கிவிட்டது என்றும் எண்ணிவிடக்கூடாது. செலவு போக மிஞ்சிய சேமிப்பு மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை எட்டி ஓராண்டு நின்றால் நாற்பதில் ஒன்று கொடுத்தேயாக வேண்டும்.

மறு தட்டில் இருப்பவர்

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயத்துக்கு அல்முதஃப்பிஃபீன், அதாவது அளவில் மோசடி செய்வோர் என்று பெயர். அங்கே கண்டிக்கப்படுபவன் வெறும் அளவைத் திருடன் மட்டுமல்லன். தனக்கு வரும்போது நிறைய அளந்து, தான் கொடுக்கும்போது குறைப்பவன். இரண்டு அளவு வைத்திருப்பவன். இந்தச் சந்தையில் சரக்குக் கொடுப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது.

கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் ஒரு மூதாட்டியைப் படம் எடுத்தாயே, அவரிடம் கேட்டாயா? விளம்பரத்துக்குப் போகும் படத்தில் ஒருவர் முகம் அடையாளம் தெரியுமானால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று கம்பெனிகளே கேட்கின்றன. அந்தச் சீட்டில் நீயே கையொப்பம் போட்டு அனுப்பினாயா? அவர் முகம் நாளை ஏதோ ஒரு நாட்டில் நோய் விளம்பரத்திலோ மதுக் கடை விளம்பரத்திலோ நிற்கலாம். எந்த விலை, எந்தப் பயன் என்று உனக்குத் தெரியவில்லை என்று வருந்துகிறாய். அவருக்கோ படம் விற்பனைக்குப் போனதே தெரியாது. உனக்குக் கிடைத்தது பத்து சென்ட் என்றால் அவருக்குக் கிடைத்தது என்ன? கம்பெனி உன்னை வழிமறித்தது என்றால், நீ அவரை வழிமறிக்கவில்லையா?

சரக்கின் உண்மையும் அப்படித்தான். மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்தது என்றார் விற்றவர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார்கள் பெருமானார். கணினி தானாகவே ஆக்கித் தரும் செயற்கைப் படங்கள் இன்று பெருகியிருக்கின்றன. அத்தகைய படத்தை அடையாளமிட்டு வைப்பது நேர்மை. நான் கேமராவில் எடுத்தது என்று வைப்பது ஈரத்தை உள்ளே தள்ளி மூடுவது. பிறருடைய படத்தைச் சற்றே நிறம் மாற்றித் தன் பெயரில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள்; புரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35 சதவீதம் என்பது போன்ற பங்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 25 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் எடுக்க முடியும். சந்தாப் படம் ஒன்றுக்கு 33 சென்ட் வீதம் வந்தால் 76 படங்கள் போன பிறகுதான் அந்தத் தொகை தாண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின், இதை மட்டும் நம்பிக் கடன் வாங்கிக் கேமரா வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள். ஏற்க முடியாத பங்கானால் மரியாதையாக விலகுங்கள். ஏற்றுக்கொண்டு நின்றால் ஏற்றதன்படி நடங்கள். நிற்கவும் வேண்டும், நிற்பதற்குப் பழியாகப் பொய்யும் எழுத வேண்டும் என்ற மூன்றாவது வழி மூமினுக்கு இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அறையில் உட்கார்ந்து கணினியில் சம்பாதிக்கிறான் என்று மட்டும் அறிந்தால் போதாது. எதை விற்கிறாய், யாரிடம் கேட்டு எடுத்தாய், கணக்கில் எப்படிக் காட்டினாய் என்று அன்போடு விசாரியுங்கள். வீட்டு அடுப்பில் வேகும் சோறு எந்தப் பணத்தில் வந்தது என்று கேட்டறிந்த தாய்மார்களால்தான் நம் சமுதாயத்தில் பேணுதல் நிலைத்தது.

பிறர் தமக்குக் குறைத்ததற்கு நாளை மஹ்ஷரில் அவரவர் பதில் சொல்வார்கள். நாம் பதில் சொல்ல வேண்டியது நம் கையில் இருந்த தராசுக்கு. நமக்கு வரும் அளவை வெளிச்சத்தில் கேட்கும் துணிவையும், நாம் கொடுக்கும் அளவை வெளிச்சத்தில் கொடுக்கும் நேர்மையையும், சிறிதானாலும் தூய்மையான சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.